முதலில் நங்கூரம், கடைசியில் நடவு: ரிசார்ட் பவளப்பாறையைக் காக்கும் வேலைமுறை

ரிசார்ட் நடத்துபவர்களிடம் பவளப்பாறைப் பாதுகாப்பு என்று சொன்னதுமே பவளம் நடுவதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. விருந்தினர் கையில் ஒரு துண்டைக் கொடுத்துப் படம் எடுக்கலாம், பெயர்ச்சீட்டு கட்டலாம், சான்றிதழ் தரலாம். அதே ரிசார்ட்டின் படகு அதே பாறையில் தினமும் நங்கூரம் இறக்கினால் இதெல்லாம் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்ட கதைதான். நங்கூரத்தை நிறுத்துவது முதல் வேலை. நீருக்குள் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தைச் சரிசெய்வது இரண்டாவது. கரையிலிருந்து கடலுக்கு இறங்கும் கழிவு மூன்றாவது. அதன் பிறகு கண்காணிப்பு. நடவு கடைசி.

ஒரு சின்ன உரசல் ஏன் பெரிய விஷயம் என்பது ஊழியர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பவளத்தின் உயிர் இருப்பது சுண்ணாம்புக் கூட்டின் மேல் படிந்த மெல்லிய தோலில். உள்ளே இருப்பது வெறும் கூடு. விரலோ நீந்துவதற்குக் காலில் மாட்டும் ஃபின்னோ அழுத்தினால் அந்தத் தோல் தன் கூட்டின் கூர்விளிம்பிலேயே நசுங்கும். காயத்தில் பாசியோ நோயோ இடம்பிடித்துவிட்டால் பவளம் அந்த இடத்தை மீட்பது கடினம். கிளைவிடும் பவளம் நல்ல நிலைமையில் ஆண்டுக்கு 10 செ.மீ. வரையோ அதற்கு மேலோ வளரும். உருண்டைப் பவளம் ஏறத்தாழ 1 செ.மீ.தான். ஒரு மீட்டர் உயர உருண்டைப் பவளத்தைப் பார்த்தால் அதற்கு நூறு வயது இருக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

தளங்களும் கணக்கும்

பாறை முழுவதையும் நீர்மேல் மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்கெலிலும், காற்றுச் சிலிண்டரோடு மூழ்கும் டைவிலும் சுற்றி ஒரு வரைபடம் போடுங்கள். ஆழம், மணல் திட்டுகள், உயிரற்ற பாறைப் பரப்புகள், நீரோட்டத்தின் திசை, நொறுங்கும் கிளைப் பவளம் அடர்ந்த இடங்கள் என்று ஜிபிஎஸ் புள்ளிகளோடு குறியுங்கள். படகு கட்டும் மிதவை, கரையிலிருந்து இறங்கும் வழி, புதியவர்கள் பழகும் இடம் எல்லாவற்றையும் இந்தப் படத்தை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறீர்கள்.

அடுத்து, ஒரு தளம் எவ்வளவு டைவ் தாங்கும் என்ற கேள்வி. ஜூலி ஹாக்கின்ஸும் கேலம் ராபர்ட்ஸும் 1990களில் செங்கடல், கரீபியன் தளங்களை ஆராய்ந்து, ஆண்டுக்கு 5,000 முதல் 6,000 டைவ்களைத் தாண்டினால் சேதம் வேகமெடுக்கிறது என்று மதிப்பிட்டார்கள். இது எல்லாக் கடலுக்கும் பொருந்தும் சட்டமல்ல. கிளைப் பவளம் நிறைந்த தளம் இதைவிடக் குறைவாகவே தாங்கும், செங்குத்துச் சுவர்த் தளம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். இருந்தாலும் தொடங்குவதற்கு நல்ல எண். ஆண்டுக்கு 300 நாள் கடல் ஒத்துழைக்கிறது என்றால் 5,000 டைவ் என்பது நாளுக்கு 16 அல்லது 17. வழிகாட்டியும் இந்தக் கணக்கில் சேர்த்திதான், அவருக்கும் இரண்டு ஃபின் உண்டு. எட்டுப் பேர் படகு இரண்டு முறை போனாலே ஒரு தளத்தின் நாள் முடிந்தது. ரிசார்ட்டின் பேருக்கு ஐந்து தளங்கள் இருந்து, எல்லோரையும் அருகிலுள்ள ஒன்றுக்கே அழைத்துப் போனால் அந்த ஒன்று தேயும். படகுப் பதிவேட்டில் தளத்தின் பெயரையும் தலைகளின் எண்ணிக்கையையும் எழுதி, மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள்.

மிதவை கட்டுவது

ஒரு நங்கூரம் விழும்போது நொறுக்குவது கொஞ்சம்தான். அதன் சங்கிலி, காற்று திரும்பத் திரும்பப் படகோடு சேர்ந்து அரைவட்டமாக இழுபட்டு அரைப்பதுதான் பெரிய சேதம். நிரந்தர மிதவை இதற்கு மாற்று. புளோரிடாவின் கீ லார்கோவில் ஜான் ஹாலஸ் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையே இன்று பல நாடுகளில் புழங்குகிறது. பாறையில் துளையிட்டு, தலையில் வளையமுள்ள எஃகுக் கண்போல்ட் பதித்து, அதிலிருந்து கயிறு எடுத்து மிதவையில் கட்டுவது அதன் சாரம்.

அடித்தளம் எதில் நிற்கிறது என்பதைப் பொறுத்து மூன்று வழி உண்டு. கெட்டியான உயிரற்ற பாறை என்றால் துளையிட்டுப் பதிக்கும் கண்போல்ட். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் சுமார் 45 செ.மீ. நீளமுள்ளது வழக்கம். நீருக்குள் இறுகும் சிமென்ட்டோ எப்பாக்ஸியோ போட்டுப் பதிப்பார்கள். ஆழமான மணல் என்றால் திருகு நங்கூரம். பெரிய திருகாணி போல மணலுக்குள் முறுக்கி இறக்குவது இது. இவை இரண்டும் ஆகாத இடத்தில்தான் கான்கிரீட் கட்டை. மலிவு என்று பலர் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். ஆனால் 1,000 கிலோ கட்டை நீரில் இறங்கியதும் தான் தள்ளும் நீரின் எடையை இழந்து 600 கிலோவுக்கும் கீழே வந்துவிடும். புயலில் படகு இழுத்தால் கட்டை ஏர் உழுவதுபோல் பாறையை உழுதுகொண்டு போகும். கட்டைதான் வைப்பது என்றால் நாற்புறமும் அகன்ற மணலின் நடுவே வையுங்கள், பாறை ஓரத்தில் வேண்டாம்.

கயிற்று வேலையில்தான் பெரும்பாலான மிதவைகள் தோற்கின்றன. அதனால் பகுதி பகுதியாகப் பாருங்கள்.

1. அடியிலிருந்து மிதவை வரை போகும் கயிறு பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும். அது நீரில் மிதக்கும், அதனால் தளர்ந்தாலும் பாறையில் படுத்து உரசாது. நைலான் மூழ்கும். சிறிய டைவ் படகுகளுக்கு 20 முதல் 25 மி.மீ. தடிமன் போதும். பெரிய படகு என்றால் பொறியாளரிடம் சுமையைக் கணக்கிட்டு வாங்குங்கள்.

2. கயிற்றின் கண் முடியும் இடமெல்லாம் உள்ளே உலோகமோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ ஆன வளையக்காடி வேண்டும். இல்லாவிட்டால் ஷேக்கிள் (கயிற்றை மாட்டும் உலோக இணைப்பு வளையம்) அறுத்துவிடும். மிதவைக்குள் கயிறு நுழையும் இடத்தில் ரப்பர்க் குழாய் உறை போடுங்கள்.

3. ஷேக்கிளின் திருகு ஊசியைக் கம்பியால் கட்டிப் பூட்டுங்கள். அலையின் ஆட்டத்தில் பூட்டாத ஊசி தானாகவே கழன்றுவிடும்.

4. துருப்பிடிக்காத எஃகுக் கண்போல்ட்டில் துத்தநாகம் பூசிய ஷேக்கிளை நேரடியாக மாட்டாதீர்கள். கடல்நீரில் இரண்டும் சேர்ந்து மின்கலம் போல் வேலை செய்து, மலிவான உலோகம் வேகமாகக் கரையும். கயிற்றை நேரே கண்ணில் கோத்து உறை போடலாம், அல்லது ஒரே உலோகத்தில் மாட்டலாம்.

5. படகு பிடிக்கும் கயிறு மிதவையின் மறுபக்கம் நீர்மேல் கிடக்கும். அதில் ஒரு சின்ன எடை கட்டித் தளர்ச்சியைக் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் புரொப்பெல்லர் அதை வெட்டும்.

படகோட்டிகள் செய்யும் தவறு ஒன்று. பிடிகயிற்றைக் கையோடு இழுத்துக் குறுக்கி, படகு முனையில் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்போது ஒவ்வொரு அலையும் கண்போல்ட்டைச் செங்குத்தாகப் பிடுங்கும். படகின் சொந்தக் கயிறு ஒன்றைப் பிடிகயிற்றின் கண்ணில் கோத்து, நாலைந்து மீட்டர் தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள். இழுப்பு சாய்வாக மாறும், அடித்தளம் பிழைக்கும்.

புதிதாகப் பதித்த கண்போல்ட்டில் ஒரு வாரமாவது படகு கட்ட வேண்டாம். அதன் பிறகு இழுத்துச் சோதித்துப் பார்த்துத் திறந்துவிடுங்கள். மாதம் ஒருமுறை ஒருவர் அடிவரை இறங்கிப் பார்க்க வேண்டும். படிந்த பாசியைச் சுரண்டினால்தான் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். ஷேக்கிளின் தடிமனில் கால் பங்கு தேய்ந்திருந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்காதீர்கள். நீர்மட்டத்துக்கு அருகே வெயில்படும் கயிறு நார்நாராக உதிரத் தொடங்கும், அதை ஆண்டுதோறும் மாற்றிவிடுங்கள். உதிரும் நாரும் கடலில் பிளாஸ்டிக்தான்.

முதல் பத்து நிமிடம்

கரீபியனின் போனேர் தீவில் 1979ல் கடற்பூங்கா அமைந்தது. அங்கே பாறையில் நங்கூரம் போட முடியாது, டைவர் கையுறை அணிய முடியாது, புதிதாக வந்தவர் அறிமுக டைவ் செய்யாமல் மற்றத் தளங்களுக்குப் போக முடியாது. இந்த மூன்றையும் எந்த ரிசார்ட்டும் தன் சொந்த விதியாக நாளைக்கே கொண்டுவரலாம். கையுறைத் தடையைப் பற்றித்தான் விருந்தினர் கேள்வி கேட்பார்கள். வெறுங்கையோடு இருப்பவர் எதையும் பிடிக்க யோசிப்பார், அவ்வளவுதான் பதில்.

டைவுக்கு முன் கொடுக்கும் விளக்கம் பலன் தருமா? எகிப்தின் ராஸ் முகமது தேசியப் பூங்காவில் நடந்து 1997ல் வெளியான ஆய்வில், படங்களோடு கூடிய நீண்ட விளக்கமும் நீருக்குள் ஒரு செயல்முறையும் கொடுத்த பிறகு, ஒரு டைவர் ஏழு நிமிடத்தில் பாறையைத் தொடுவது சராசரியாக 1.4 முறையிலிருந்து 0.4 ஆகக் குறைந்தது. செயின்ட் லூசியாவில் நடந்து 2004ல் வெளியான ஆய்வில், வழக்கமான விளக்கத்தோடு 'பாறையைத் தொடாதீர்கள்' என்று ஒரு வரி சேர்த்ததால் எந்த மாற்றமும் வரவில்லை. வழிகாட்டி நீருக்குள் அந்த இடத்திலேயே தலையிட்டபோதுதான் தொடுதல் குறைந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் செய்ய வேண்டியது புரிகிறது. படகில் அவசரமாகச் சொல்லும் ஒரு வரியால் பயனில்லை. முதல் நாள் மாலை கரையில் உட்காரவைத்து விரிவாகச் சொல்லுங்கள், மறுநாள் நீருக்குள் திருத்துங்கள்.

பெரும்பாலான மோதல்கள் ஃபின்னால் நடக்கின்றன, அதிலும் டைவின் முதல் பத்து நிமிடத்தில். உடம்பு இன்னும் மிதப்புக்குப் பழகாத நேரம் அது. ஆகவே இறங்கும் இடம் மணலின் மேல் இருக்கட்டும். மணலுக்கு ஒன்றரை மீட்டர் மேலே எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் அசையாமல் நின்று காட்டிய பிறகுதான் பாறைப்பக்கம் நகர வேண்டும். நிற்க முடியாதவர் அன்று மணல் ஓரமாகவே வரட்டும். வழிகாட்டி ஒருவருக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். எட்டுப் பேரோடு போகும் வழிகாட்டிக்கு ஆட்களை எண்ணவே நேரம் சரியாக இருக்கும், யார் கால் எங்கே படுகிறது என்று எப்படிப் பார்ப்பார்?

மிதப்பு கெடுவதற்கு முக்கியக் காரணம் கூடுதல் எடை. 'எதற்கும் இருக்கட்டும்' என்று வாடகைக் கருவிக்கூடத்தில் சேர்த்துவிடும் 2 கிலோ என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்த எடையைச் சமன்செய்ய பிசிடியில் (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் டைவ் சட்டை) கூடுதலாகக் காற்று அடைக்க வேண்டும். காற்று மார்பைத் தூக்கும், இடுப்பில் இருக்கும் ஈயம் கால்களை இறக்கும். டைவர் கிடைமட்டமாக இல்லாமல் சாய்ந்து நிற்பார், ஒவ்வொரு உதைப்பும் கீழே பாறையை நோக்கிப் போகும். ஆழம் மாறும்போது அந்தக் கூடுதல் காற்றும் விரிந்து சுருங்கும், ஆள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். பயிற்சி போதவில்லை என்று நாம் குறைசொல்லும் பலருக்கு உண்மையில் ஈயம்தான் அதிகம்.

சோதனை எளிது. டைவ் முடியும் தறுவாயில், சிலிண்டரில் 50 பார் காற்றழுத்தம் மீதம் இருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில் பிசிடியின் காற்று முழுவதையும் வெளியேற்றச் சொல்லுங்கள். சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு அந்த ஆழத்திலேயே நின்றால் எடை சரி. மூழ்கினால் அடுத்த டைவில் 1 கிலோ குறைத்து மறுபடி பாருங்கள். நீர்மேல் சோதிப்பதானால் நிறைந்த சிலிண்டரோடு, பிசிடி காலியாக, பாதி மூச்சில் கண் மட்டத்துக்கு மிதக்க வேண்டும். அதன்மேல் ஏறத்தாழ 2 கிலோ சேர்க்க வேண்டும். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பாரிலிருந்து 50 பார் வரை செலவாகும் காற்றின் எடை அதுதான். ஒவ்வொரு விருந்தினரின் எடையையும் எழுதி வைத்துக்கொண்டால் மறுநாள் ஊகிக்க வேண்டாம்.

தொங்கும் காற்றழுத்த மானியும், மூச்சுவிட வைத்திருக்கும் மாற்று ரெகுலேட்டரும் பாறையில் இழுபடும், இரண்டையும் மார்பில் மாட்டச் சொல்லுங்கள். காலை மேலும் கீழும் உதைக்காமல், முழங்காலை மடக்கித் தவளை போல் பக்கவாட்டில் தள்ளும் உதைப்பைப் பழக்குங்கள். வண்டல் கிளம்பாது. பவளத்தின் மேல் படியும் வண்டலைத் தள்ள அது சளி சுரந்து ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கும்.

கேமரா வைத்திருப்பவர்கள் அதிகம் தொடுகிறார்கள் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, கண் திரையில் இருக்கும்போது கால் எங்கே இருக்கிறது என்பது மறந்துபோகும். முதல் டைவுக்குக் கேமரா வேண்டாம் என்று விதி வையுங்கள். ஒரே கடற்குதிரையை எட்டுப் பேர் வரிசையில் நின்று எடுப்பதையும் தவிருங்கள். ஒருவருக்கு நான்கைந்து படம், அதோடு நகர வேண்டும். இரவு டைவிலும் தொடுதல் கூடும், அப்போது குழுவைப் பாதியாக்குங்கள்.

வழிகாட்டி தலையிடும் முறையை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். முதல் தடவை கைச்சைகை, இரண்டாவது தடவை சிலிண்டரின் தலையைப் பிடித்து மெல்ல மேலே தூக்குவது, மூன்றாவது தடவை அவருக்கு டைவ் முடிந்தது. நிர்வாகம் துணை நிற்கும் என்று தெரிந்தால்தான் எந்த வழிகாட்டியும் மூன்றாவது படிக்குப் போவார். அன்பளிப்பு குறையும் என்ற பயம் இருக்கிற இடத்தில் விதி ஏட்டில்தான் இருக்கும். வழிகாட்டியே ஆமையை விரட்டுவது, ஆக்டோபஸைக் குச்சியால் குத்தி வெளியே எடுப்பது, மீனுக்கு ரொட்டி போடுவது இவற்றையெல்லாம் வேலை விதியிலேயே தடைசெய்யுங்கள்.

வெளியார் ஒருவர் வந்து மதிப்பிடுவது நல்லது என்றால் கிரீன் ஃபின்ஸ் திட்டம் இருக்கிறது. ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் முயற்சியில் 2004ல் தொடங்கியது, ரீஃப்-வேர்ல்ட் அறக்கட்டளை ஒருங்கிணைக்கிறது. டைவ் நிலையத்தின் நடைமுறைகளைப் பார்த்து மதிப்பெண் தருவார்கள், அங்கே மதிப்பெண் குறையக் குறைய நல்லது.

ஸ்நார்கெல் செய்பவர்கள் எண்ணிக்கையில் டைவர்களை மிஞ்சுவார்கள், ஆனால் அவர்களுக்கு வழிகாட்டி இருக்கமாட்டார். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்ததும் நின்றுவிடுவார்கள், நிற்பது பவளத்தின் மேல். மிதவைச் சட்டை கட்டாயம், மணல் வழியாக இறங்கக் கயிறு கட்டிய பாதை, நடுவில் பிடித்து ஓய்வெடுக்க மிதவைகள் என்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். தாழ்வோதத்தில் பாறை மேல் ஒரு மீட்டர் தண்ணீர்கூட இல்லை என்றால் அந்த நேரம் பகுதியை மூடிவிடுங்கள். ஓத அட்டவணையை வரவேற்பறையில் ஒட்டுங்கள்.

சன்ஸ்கிரீன் பற்றிக் கொஞ்சம். பவளத்துக்குக் கெடுதல் எனக் கருதப்படும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இரண்டில் ஏதாவது ஒன்று கலந்தவற்றை விற்க ஹவாய் 2018ல் சட்டம் போட்டு 2021 ஜனவரி முதல் தடுத்தது. பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 ஜனவரியிலிருந்து இன்னும் நீண்ட பட்டியலைத் தடைசெய்தது. குப்பியில் 'பவளத்துக்குப் பாதுகாப்பானது' என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம், பின்பக்கத்தில் உள்ள சேர்மானத்தைப் படியுங்கள். முழுக்கைச் சட்டை கொடுத்துவிட்டால் பூச வேண்டிய தோல் பாதியாகக் குறையும். ஆனால் விருந்தினர் பூசும் களிம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே ரிசார்ட்டின் கழிவுக் குழாயை மறந்துவிடக் கூடாது.

கரையிலிருந்து வருவது

பவளம் தழைப்பது சத்துக் குறைந்த தெளிந்த நீரில். நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். பவள மணல் தீவுகளில் செப்டிக் டேங்கை நம்ப முடியாது. மணல் சல்லடை மாதிரி, கழிவு நீர் நிலத்தடி வழியாக நேரே கடலுக்குப் போய்விடும். கசிகிறதா என்று அறிய ஃப்ளூரசீன் சாயத்தைக் கழிப்பறையில் ஊற்றி, அடுத்த சில நாட்கள் தாழ்வோத நேரத்தில் கரையோரம் பச்சை ஒளிர்கிறதா என்று பார்க்கலாம். அதிகாரிகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், பச்சைக் கடலைப் பார்த்து யாராவது பதறக் கூடாது.

சுத்திகரிப்பு நிலையம் வாங்கும்போது, வெளிவரும் நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தெளிவாக இருந்தால் போதாது, கண்ணாடி போன்ற நீரிலும் நைட்ரேட் நிறைய இருக்கும். அந்த நீரைத் தோட்டத்துக்கே பாய்ச்சி, அதில் உள்ள சத்தைக் கணக்கிட்டு உரத்தைக் குறையுங்கள். கரையோரப் புல்தரைக்கு உரம் போடவே வேண்டாம். சமையலறைக் கழிவு நீரிலிருந்து எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டியை நேரத்தோடு காலி செய்யாவிட்டால் எண்ணெய் உள்ளே போய் நிலையத்தின் நுண்ணுயிர்களைத் திணறடிக்கும். நிலையம் கெட்டுப்போவதற்கான சாதாரணக் காரணங்களில் ஒன்று இது.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருந்தால் அதன் உப்புக்கழிவையும் கவனியுங்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரில் 40 சதவீதத்தைக் குடிநீராக எடுத்தால் மீதியில் 58 கிராம் ஆகிவிடும். அது கனமானது, அடியில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். பல துளைகளுள்ள குழாயில், நீரோட்டம் உள்ள இடத்தில், பாறையைத் தாண்டி விடுங்கள்.

சமையலறைக்கு இன்னொரு விதி: கிளிமீன் (பேரட்ஃபிஷ்) வாங்காதீர்கள். பாசியை மேய்ந்து பவளக் குஞ்சுகளுக்கு இடம் ஒழிப்பது அதுதான். பெலீஸ் நாடு 2009ல் கிளிமீன் பிடிப்பதையே தடைசெய்துவிட்டது.

பார்த்து எழுதுவது

தினமும் பாறைக்குப் போகும் வழிகாட்டிகள் கையில் இருக்கும்போது கண்காணிப்புக்குத் தனி ஆள் தேடத் தேவையில்லை. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் நிற அட்டை மலிவான கருவி. நான்கு நிறங்கள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை அடர்த்தி. பவளத்தின் வெளிறிய பகுதிக்கும் அடர்ந்த பகுதிக்கும் எண் குறித்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை, குறைந்தது 20 பவளங்கள். அட்டையைப் பிடிக்கும் கை பவளத்தில் படக் கூடாது, நிழலும் விழக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை ரீஃப் செக் முறையில் 100 மீட்டர் நாடா விரியுங்கள். 20 மீட்டராக நான்கு துண்டு, இடையில் 5 மீட்டர் இடைவெளி. ஒவ்வொரு அரை மீட்டரிலும் நாடாவுக்குக் கீழே இருப்பது உயிர்ப்பவளமா, பாசியா, மணலா, உடைசலா என்று எழுதினால் மொத்தம் 160 புள்ளிகள். உடைசல் ஆண்டுக்காண்டு கூடினால் டைவர்கள் மேலும் நங்கூரங்கள் மேலும் சந்தேகப்படுங்கள். பாசி கூடினால் கழிவு நீரைப் பாருங்கள். நாடா ஒவ்வொரு ஆண்டும் அதே இடத்தில் விழ வேண்டும், அதற்குத் தொடக்கத்திலும் முடிவிலும் ஆணி அடித்து வைக்க வேண்டும். மிதவை இல்லாத, டைவர்கள் போகாத ஒரு பகுதியிலும் இதையே செய்யுங்கள். ஒப்பிட எதுவும் இல்லாவிட்டால் மாறியதற்குக் காரணம் கடலா நீங்களா என்று சொல்ல முடியாது.

வெப்பம் ஏறும்போது

அந்தந்தக் கடலில் ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் சராசரியைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடினாலே பவளம் திணறும். தன்னுள் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளிறும். வெளிறிய பவளம் செத்த பவளமல்ல. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் மீளும். 1998, 2010, 2014–17 ஆண்டுகளில் உலகளாவிய வெளிறல்கள் நடந்தன, நான்காவதை 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

அமெரிக்காவின் நோவா அமைப்பு நடத்தும் கோரல் ரீஃப் வாட்ச், செயற்கைக்கோள் வெப்ப அளவுகளை இலவசமாகத் தருகிறது. அதில் பார்க்க வேண்டியது 'வெப்ப வாரம்' கணக்கு. அந்தச் சூடான மாதச் சராசரிக்கு மேல் ஒன்றரை டிகிரி நான்கு வாரம் நீடித்தால் 1.5 × 4 = 6. கடந்த 12 வாரங்களின் கூட்டுத்தொகை 4ஐத் தொட்டால் குறிப்பிடத்தக்க வெளிறலும், 8ஐத் தொட்டால் பரவலான வெளிறலும் சாவும் எதிர்பார்க்கலாம். 4 வந்ததும் புதியவர்களுக்கான டைவ்களைப் பாறையிலிருந்து மணலுக்கு மாற்றுங்கள், நடவையும் துண்டு எடுப்பதையும் நிறுத்துங்கள். 8 வந்தால் ஆழமற்ற தளங்களை மூடுங்கள். விருந்தினருக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். வெள்ளைப் பவளத்தை 'அழகாக இருக்கிறது' என்று படம் எடுத்து ரிசார்ட்டின் பக்கத்தில் போடாதீர்கள்.

பவளத்தைத் தின்னும் முள்கிரீட நட்சத்திரமீன் இன்னொரு தொல்லை. அங்கொன்றும் இங்கொன்றும் இருப்பது இயல்பு, விட்டுவிடுங்கள். ஹெக்டேருக்கு 15க்கு மேல் போனால் பெருக்கம் என்று ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் கணக்கிடுகிறார்கள். அப்போது அனுமதி பெற்று, பயிற்சி உள்ளவர் மாட்டுப் பித்த உப்புக் கரைசலை 10 மில்லி ஊசியில் செலுத்தலாம், அல்லது சாதாரண வினிகர் 20 மில்லி. வெட்டக் கூடாது, பிழைத்துக்கொள்ளும். முள் குத்தினால் கடும் வலி, முதலுதவிப் பெட்டி படகில் இருக்கட்டும்.

நடவு

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தால் பவள நாற்றங்கால் போடலாம். அனுமதிதான் முதல் படி. கெட்டிப் பவளங்கள், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, பல நாடுகளில் உடைந்து கிடக்கும் துண்டைத் தொடவே எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

துண்டுகளை முடிந்தவரை தானாக உடைந்து மணலில் உருளும் கிளைகளிலிருந்து எடுங்கள். தாய்ப்பவளத்திலிருந்து எடுக்க வேண்டுமென்றால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 5 முதல் 10 செ.மீ. துண்டு போதும். ஒரே தாயிலிருந்து நூறு எடுப்பதைவிடப் பத்துத் தாய்களிடமிருந்து பத்துப் பத்து எடுப்பது நல்லது. ஒரே மரபணு என்றால் ஒரு நோய் எல்லாவற்றையும் முடித்துவிடும். எந்தத் துண்டு எந்தத் தாயிடமிருந்து வந்தது என்று சீட்டு கட்டுங்கள்.

பிவிசி குழாயில் செய்த 'மரத்தை' மணல் தரையோடு கயிற்றால் கட்டி, மேல்முனை 5 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இருக்கும்படி மிதக்கவிட்டு, கிளைகளில் தூண்டில் நரம்பால் துண்டுகளைத் தொங்கவிடுவது புழக்கத்தில் உள்ள முறை. தொங்குவதால் நாலாபுறமும் நீர் ஓடும், அடியில் ஊரும் பவளம் தின்னி நத்தைகளுக்கு எட்டாது. ஆனால் குழாயில் பாசி பிடிக்கும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை தேய்க்க ஆள் இல்லாத ரிசார்ட் இதில் இறங்க வேண்டாம். விருந்தினரைத் தேய்க்க விடலாம், குழாயை மட்டும், துண்டுகளை அல்ல.

ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் நடலாம், சூடான மாதங்களைத் தவிர்த்து. நடும் இடத்தைக் கம்பித் தூரிகையால் வெண்பாறை தெரியும்வரை தேயுங்கள். பாசி மேல் ஒட்டிய எப்பாக்ஸி பாசியோடு சேர்ந்து உரிந்துவரும். துண்டு மூன்று இடத்திலாவது பாறையைத் தொட வேண்டும். கடைசியாக உள்ளங்கையால் அதன்மேல் தண்ணீரை வேகமாக விசிறிப் பாருங்கள். ஆடினால் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். ஆடிக்கொண்டே இருக்கும் துண்டின் தோல் பாறையில் படரவே படராது.

2023 ஜூலையில் புளோரிடாவில் கடல் சூடேறியபோது நாற்றங்கால் துண்டுகளை அள்ளிக்கொண்டு கரைத் தொட்டிகளுக்கு ஓட வேண்டியிருந்தது. உங்கள் துண்டுகளை எங்கே கொண்டுபோவீர்கள், ஆழமான நீருக்கு இறக்கக் கயிறு தயாரா என்பதை நடுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். உலகெங்கும் நடந்த பவள மீட்புத் திட்டங்களைத் தொகுத்து 2020ல் வெளியான ஆய்வில் பிழைப்பு 60 முதல் 70 சதவீதம். ஆனால் பெரும்பாலான திட்டங்கள் 18 மாதத்துக்கும் குறைவாகவே பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தன. நட்ட முதல் மாதம், ஆறாம் மாதம், பிறகு ஆண்டுதோறும் ஐந்தாண்டு, அதே கோணத்தில், அளவுகோல் வைத்துப் படம் எடுக்கும் செலவை முதல் துண்டை எடுக்கும் முன்பே ஒதுக்குங்கள். அந்தப் பணம் இல்லையென்றால் இருக்கிற பணத்தில் இன்னும் இரண்டு மிதவை கட்டுங்கள்.